பள்ளி ரோட்டுக்குப் பிளேடு வாங்கிய கதை

ஆவடிக்கும் வெள்ளானூருக்கும் நடுவில் இருந்த ஒரு மிஷன் பள்ளியில் பதினோரு வருஷம் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் பி.டி. டீச்சராக இருந்தேன். மெயின் ரோட்டுக் கேட்டிலிருந்து கட்டடம் வரைக்கும் ஒரு கிராவல் ரோடு. நடந்தால் ஐந்து நிமிஷம். மழைக்காலத்தில் கால் மணி நேரம். ரோட்டுக்கு இடது பக்கம் விளையாட்டு மைதானம். இரண்டையும் தினமும் காலால் அளந்தவள் அந்தப் பள்ளியில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் ஸ்கூட்டரில் வந்து ஸ்கூட்டரில் போனார்கள்.

பள்ளிக்கு ஒரு பழைய டிராக்டர் இருந்தது. மிஷனுக்கு வயல் இருந்த காலத்தில் வாங்கியது. வயலெல்லாம் மனையாகிவிட்ட பிறகு தண்ணீர் டேங்கர் இழுப்பதுதான் அதற்கு வேலை. அதை ஓட்டியவர் வெள்ளானூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். இவர் டிராக்டர் பழகி, அதே நிலங்களை உழுது சமப்படுத்திக் கொடுத்துவிட்டுப் பிறகு பள்ளி வேலைக்கு வந்தவர். என்னை 'டீச்சர்மா' என்பார். நான் அவரை 'அண்ணா' என்பேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்குப் பிறகு ரோடெல்லாம் குழியாகி, குழந்தைகளை ஏற்றி வந்த ரிக்‌ஷா ஒன்று கவிழ்ந்தது. பெரிய காயம் யாருக்கும் இல்லை. அதற்கு முன்பும் அந்தக் குழிகளில் எத்தனையோ பிள்ளைகள் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்தத் தடவை விழுந்ததில் ஒன்று பள்ளிக் கமிட்டி உறுப்பினர் ஒருவரின் பேத்தி. அந்த வாரமே கமிட்டி கூடியது. டிராக்டரில் மாட்டி ரோட்டைச் சமப்படுத்த ஏதாவது வாங்கலாம் என்று முடிவாயிற்று. எதை வாங்குவது என்று அடுத்த கூட்டத்தில் பேசுவதாக ஏற்பாடு. மைதானம் என் பொறுப்பு என்பதால் என்னையும் வரச் சொன்னார்கள்.

போவதற்கு முன் டிரைவரிடம் கேட்டேன். அவர் ரோட்டு ஓரத்தில் குந்தி, கையால் கிராவலை அள்ளிக் காட்டினார்.

"கிராவல் எங்கியும் பூடல டீச்சர்மா. வண்டி ஓடி ஓடி ரெண்டு ஓரத்துக்கும் ஒதுங்கிகினு கீது. அத்த வழிச்சி நடுவுல போட்டா போதும். நடு மேடா, ரெண்டு பக்கமும் சரிவா இருக்கணும். அப்பதான் தண்ணி நிக்காது."

"அதுக்கு எது வாங்கணும்ணா?"

"பின்னாடி மாட்டற பிளேடு. ஆனா சாய்வா திருப்பி மாட்டற மாதிரி இருக்கணும். கிரவுண்டுக்குன்னா பொட்டி மாதிரி லெவலர் ஒண்ணு கீது, மேட்டுல வெட்டி பள்ளத்துல கொட்டிகினே வரும். ரெண்டுல ஒண்ணுதான்னா பிளேடு வாங்கச் சொல்லுங்க."

"முன்னாடி மாட்டறாங்களே, டோசர்?"

"அது குமிச்ச மண்ண தள்றதுக்கு. முன் சக்கரம் குழில எறங்கினா பிளேடும் எறங்கும், ஏறினா அதுவும் ஏறும். ரோடு அலை அலையா பூடும்."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கமிட்டியில் ஒரு ரிட்டயர்ட் சூப்பர்வைசர் இருந்தார். ராணுவ டாங்கி செய்கிற பெரிய தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். டாங்கியையே தன் கையால் செய்து அனுப்பியவர் மாதிரிப் பேசுவார். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட்டுக்கும் நட்டுக்கும் சீட்டுக் கிழித்தவர் என்பது எங்கள் கிளார்க்குக்குத் தெரியும். அதனால் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இயந்திரம் என்ற வார்த்தை வந்தாலே தாளாளர் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

அன்றைக்கு அவர் ஒரு மணி நேரம் பேசினார். சாரம் இவ்வளவுதான்: "முன்னால இருக்கிறதைத்தான் டிரைவர் பார்த்து ஓட்ட முடியும். பின்னால மாட்டினா கழுத்தைத் திருப்பிக்கிட்டே ஓட்டுவானா?" எல்லோரும் தலையாட்டினார்கள். நான் நோட்டைத் திறந்து எழுதியிருந்ததைப் படித்தேன்.

"இதெல்லாம் யார் சொன்னது டீச்சர்?"

"நம்ம டிரைவர், சார்."

சிரித்தார்கள். "நான் டாங்கி ஓடுற டிராக்கே பார்த்தவன்மா" என்றார் சூப்பர்வைசர்.

டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியேதான் டேங்கரில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார். "அவரை எதுக்கும்மா இதுல இழுக்கணும்?" என்றார் தாளாளர், ஏதோ அவர் மேல் இரக்கப்பட்டவர் போல.

மேஜையில் கம்பெனிக்காரர்கள் கொடுத்த படப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதில் டோசருக்கு மட்டும் முழுப் பக்கத்தில் கலர்ப் படம். பின் பிளேடும் லெவலரும் கடைசிப் பக்கத்தில் கட்டை விரல் அளவுக்குக் கோட்டுப் படங்கள். படத்தின் அளவைப் பார்த்துத்தான் தேர்வு நடந்தது என்று இப்போதும் நம்புகிறேன். டோசர் என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். நானும் போட்டேன். எதிர்த்துப் பேசிவிட்டுக் கையெழுத்தும் போட்ட என்னை என்ன சொல்வது? அவர்களுக்காவது தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

அம்பத்தூரிலிருந்து டோசர் வந்தது. மஞ்சள் பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஜெபம் செய்து ரிப்பன் வெட்டினார்கள். டிரைவர் மூன்று நாள் ஓட்டினார். ரோடு பார்க்க மெழுகியது போல இருந்தது. காய்ந்த புழுதி குழிகளை மூடியிருந்தது, அவ்வளவுதான். "இப்ப என்ன சொல்றீங்க டீச்சர்?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார் சூப்பர்வைசர். மழை வரட்டும் சார் என்று சொல்லத் தோன்றியது.

ஐப்பசியில் மழை வந்தது. நடுவில் இருந்த கொஞ்சநஞ்ச கிராவலையும் டோசர் ஓரத்துக்குத் தள்ளி வரப்பாக்கியிருந்ததால், ரோடு இரண்டு பக்கத்தையும்விட ஒரு சாண் தாழ்ந்துவிட்டது. மைதானத்துத் தண்ணீர், கூரைத் தண்ணீர் எல்லாம் அதில் வந்து நின்றது. பிள்ளைகள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு காம்பவுண்டு சுவரை ஒட்டி வரிசையாக வந்தார்கள். கமிட்டி மறுபடி கூடியது. டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தது.

அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"'கவனக்குறைவு'ன்னு போட்டுகீறாங்க டீச்சர்மா. நான் என்னிக்காவது கவனம் இல்லாம ஓட்டிகீறனா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நேராகத் தாளாளரிடம் போனேன். சண்டை போடவில்லை, ரொம்ப மரியாதையாகக் கேட்டேன். "ஐயா, சூப்பர்வைசர் சாருக்குத்தான் நல்லாத் தெரியுதே. ஒரு நாள் அவரே ஓட்டிக் காட்டட்டும். டிரைவர் பக்கத்துல நின்னு கத்துக்கட்டும்." தாளாளருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. சூப்பர்வைசரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

ரோடு காய்ந்தபின் ஒரு சனிக்கிழமை காலை வெள்ளை கான்வாஸ் ஷூவும் தொப்பியுமாக வந்தார். தாளாளர், இரண்டு உறுப்பினர்கள், நான், டிரைவர் நின்றோம். ஏறி உட்கார்ந்து பிளேடை இறக்கினார். பத்தடி சரியாகத்தான் போனது. முதல் குழியில் முன் சக்கரம் இறங்கியதும் பிளேடு மண்ணைக் கடித்தது. சட்டென்று தூக்கினார், ஒரு மேடு விழுந்தது. அந்த மேட்டில் சக்கரம் ஏறியது, பிளேடும் ஏறியது. இறக்கினார், மறுபடி குழி. தூக்குவதும் இறக்குவதுமாகக் குதித்துக் குதித்துப் போனார். தொப்பி விழுந்தது. நாலு நடை ஓட்டினார். ரோடு வரிவரியாக, துணி துவைக்கிற கல் மாதிரி ஆயிற்று.

இறங்கினார். வியர்வையைத் துடைத்தார். "இந்த மண்ணே சரியில்ல" என்றார்.

தாளாளர் அதற்கும் தலையாட்டினார். எனக்குத் தாங்கவில்லை. "அப்ப மண்ணுக்கும் ஒரு மெமோ குடுத்துடலாமா ஐயா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் மட்டும் டயரைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெமோவைத் திரும்ப வாங்கவில்லை. அதைப் பற்றிப் பேசுவதை விட்டார்கள். அடுத்த வருஷம் "ரெண்டும் வேணும்னு நான் அப்பவே யோசிச்சேன்" என்று சொல்லி சூப்பர்வைசரே பின் பிளேடு வாங்கலாம் என்றார். பூந்தமல்லிக் கடைக்குப் போகும்போது டிரைவரையும் அழைத்துப் போனார். தூக்கி ஏற்ற ஆள் வேண்டுமே. அங்கே டிரைவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, பிளேடைத் திருப்பி மாட்டுவதற்கு வரிசையாகத் துளை போட்டிருந்த ஒன்றைக் காட்டினாராம். சூப்பர்வைசர் அதற்கு என்ன கலர் பெயின்ட் என்று கேட்டாராம்.

டிரைவர் முதலில் கொத்துக் கலப்பை மாட்டி ரோட்டை லேசாகக் கீறினார். பிறகு பிளேடைச் சாய்த்து, ஓரத்திலிருந்து கிராவலை நடுவுக்கு இழுத்துக்கொண்டே வந்தார். இரண்டு நாள் வேலை. அந்த மழைக்குத் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து போயிற்று, ஷூ நனையாமல் பிள்ளைகள் வந்தார்கள். ஆண்டு விழாவில் ரோட்டைச் சீர் செய்ததற்காகச் சூப்பர்வைசருக்குச் சால்வை போர்த்தினார்கள். டிரைவர் சமையற்கட்டுக்குத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் கை தட்டினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநின்றவூர்ப் பக்கம் மனைகளுக்கு ரோடு போடுகிற வேலைக்கு அவர் போய்விட்டார். போகும்போது, "சரிவ மட்டும் பாத்துக்கோங்க டீச்சர்மா" என்றார். புதிதாக வந்தவர் இளைஞர், நல்ல பிள்ளை. ஒரு நாள் பார்த்தால் பிளேடு நேராக மாட்டியிருந்தது. ரோடு தட்டையாகிக்கொண்டு வந்தது.

"யாருப்பா இப்படி மாட்டச் சொன்னது?"

"சூப்பர்வைசர் சாருதான் டீச்சர். கோணலா கீது, நேரா மாட்டுன்னாரு."

இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். ஆணியை உருவி, பிளேடை இரண்டு துளை தள்ளித் திருப்பி, ஆணியைத் திரும்ப அடித்தேன். கையெல்லாம் கிரீஸ்.

"சார் கேட்டா இன்னா சொல்றது?"

"பி.டி. டீச்சர் திருப்பினாங்கன்னு சொல்லு."

நான் அந்தப் பள்ளியில் இருந்தவரை சார் கேட்கவே இல்லை. அதற்கப்புறம் ஒரு தடவைகூட அவர் அந்தப் பிளேடைக் குனிந்து பார்த்திருக்க மாட்டார்.