ஈரக்கைக்கு எட்டாத இடம்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு உப்பு ஜாடி என் மருமகளைக் கடித்துவிட்டது.

சிரிக்காதீர்கள். சரோஜா அப்படித்தான் அலறினாள். "அத்தை, ஜாடி கடிச்சிருச்சு!" அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவள், உப்பு எடுக்க எழுந்து சுவர் அலமாரிக்குள் கையை விட்டாள். அவ்வளவுதான். கை உதறியது, ஜாடி உருண்டது, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிட ஓடினேன். "தொடாதீங்க அத்தை, தொடாதீங்க!" என்று கத்தினாள். அந்த நிலையிலும் அவளுக்குத்தான் புத்தி இருந்தது.

ஜாடி எங்கேயாவது கடிக்குமா? கடித்தது ஜாடிக்குப் பின்னால் இருந்த கரண்ட் பிளக்.

சரோஜாவுக்கு இது ஆறாம் மாதம். உடனே குதிரை வண்டி பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஒன்றும் இல்லை" என்றார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். "இன்னொரு தடவை இப்படி ஆனா என்னைக் கேக்காதீங்க. மொதல்ல அந்த அடுப்படியப் பாருங்க."

பார்க்காமல் என்ன? தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்!

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்து மூன்று வருஷம் ஆகிறது. கூடத்தில் ஒரு பல்பு, வாசலில் ஒரு பல்பு என்று நிம்மதியாகத்தான் இருந்தோம். ஆவணியில் என் மகன் திருச்சியிலிருந்து ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வந்தான். "சரோஜா புகையில கஷ்டப்பட வேணாம்மா" என்றான். நல்ல எண்ணம். கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டான். அதை எங்கே மாட்டுவது என்கிற கவலை எங்களுக்கு.

எங்களுக்கா? தப்பு. என் வீட்டுக்காரருக்கு.

அவர் தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு முழுத் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடுப்படிக்குப் பிளான் வரைந்தார். வயர்மேன் அந்தோணி வந்ததும் அதை விரித்துக் காட்டினார்.

"இந்தா பாரு அந்தோணி. கரண்டுங்கறது என்ன? நெருப்பு. நெருப்பு எங்க இருக்கணும்? அக்னி மூலையில. அதனால போர்டு, பிளக்கு எல்லாமே தென்கிழக்கு மூலைக்கு வந்துரணும்."

"அந்த மூலையில அலமாரில்ல இருக்கு ஐயா?"

"அலமாரிக்குள்ள வையி. பார்வைக்கும் லட்சணமா இருக்கும். யார் கண்ணுலயும் படாது."

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அந்த அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் சரோஜாவுக்கும். சொல்லியிருக்கலாம். ஆனால் வெளி ஆள் முன்னால் வாயைத் திறக்க எனக்கு வராது. பத்திரிகையில் இந்தப் பக்கத்தில் வாரா வாரம் இவ்வளவு எழுதுகிறேனே... அது பேனா. நாக்கு வேறு.

அந்த அலமாரியில் என்ன இருந்தது தெரியுமா? மேல் தட்டில் புளிப்பானை. நடுத்தட்டில் உப்பு ஜாடி. கீழே எண்ணெய்த் தூக்கு. ஐப்பசி மழை பிடித்தால் கல்லுப்பு வேர்த்துத் தண்ணீராய் வழியும். தட்டு நனையும், பின் சுவரும் நனையும். அந்தச் சுவரில்தான் பிளக்!

வயர் சங்கதி இன்னும் கேவலம். அலமாரியிலிருந்து அடுப்பு வரைக்கும், நூல் சுற்றிய அந்த இரட்டை வயர் ஜாடிக்கும் தூக்குக்கும் நடுவே வளைந்து நெளிந்து வரும். வயரை வெளியே விட்டால் கதவு சாத்தாது. என் வீட்டுக்காரர் அரிவாள்மணையை எடுத்துக் கதவின் ஓரத்தில் ஒரு பள்ளம் செதுக்கினார். அதற்கப்புறம் கதவு சாத்தியது... வயரை நசுக்கிக்கொண்டு.

என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வயர் அடுப்புக்குப் பக்கத்தில் கொடி மாதிரி தொங்கியதா? கரித்துணியை அதில் காயப்போட்டவள் நான்தான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். கொடி என்று ஒன்று கண்ணில் பட்டால் துணியைப் போடாமல் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளால் இருக்க முடியுமா? சொல்லுங்கள்.

சரி, ஷாக் அடித்தாயிற்று. என் வீட்டுக்காரர் பியூஸ் கட்டையைப் பிடுங்கினார். அப்புறமாவது பிளானை மாற்றுவார் என்று நினைத்தேன். மாற்றவில்லை. ஒரு அட்டையை எடுத்து, கொட்டை எழுத்தில் 'ஈரக்கையுடன் தொடக் கூடாது' என்று எழுதி, பசை தடவி அலமாரிக் கதவில் ஒட்டினார். அடியில் தேதி போட்டுக் கையெழுத்து வேறு!

சரோஜா அதைப் படித்தாள். என் காதோடு பேசுகிற மாதிரி, ஆனால் கூடத்துக்குக் கேட்கிற மாதிரி, "அத்தை, அடுப்படியில காஞ்ச கை ஒண்ணு இருந்தா மாமாவக் காட்டச் சொல்லுங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே விறகடுப்பில் சாதம் கொதித்த ஆவியில் பசை இளகி அட்டை விழுந்துவிட்டது. விழுந்த இடம் ரசச் சட்டி.

வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர் ஆள் அனுப்ப, மறுநாள் அந்தோணி வந்தான். "எங்கிட்டுங்கய்யா மாத்துறது?" என்றான். என் வீட்டுக்காரர் பென்சிலை எடுத்தார். அலமாரிக்கு வெளியே, அம்மிக்கு நேர் மேலே, இடுப்பு உயரத்தில் ஒரு கட்டம் போட்டார்.

"இங்க. அக்னி மூலைய விட்டு ஒரு சாண் நகரக் கூடாது."

அந்த இடத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொடுகிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மியில் உட்கார்ந்து எழுந்தவர் அல்லவே! சொன்னால்தான் கேட்பாரா? "ஒனக்கு என்ன தெரியும் கரண்டப் பத்தி?" என்பார். நிஜம்தான். எனக்குக் கரண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் கையைப் பற்றித் தெரியுமே!

அந்தோணிக்குக் கையில் வேறு வேலை இருந்தது. திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனான். நல்லதாய்ப் போயிற்று.

திங்கட்கிழமை காலையில் பச்சரிசி மாவைக் கோலத்துக்குக் கரைப்பதுபோல் ஒரு சட்டி நிறையக் கரைத்தேன். "சரோஜா, இன்னைக்குக் கை நனையிற நேரமெல்லாம் தண்ணிக்குப் பதிலா இதுல முக்கிக்க. மத்தபடி எப்பவும்போல வேலையப் பாரு. எதையும் யோசிச்சுத் தொடாத" என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நானும் கையை முக்கிக்கொண்டேன். சாப்பாட்டுச் சாமானைத் தொடும்போது மட்டும் கழுவிக்கொண்டோம். பியூஸ் இல்லாததால் கரண்ட் பயமும் இல்லை.

மத்தியானத்துக்குள் அடுப்படி பூராவும் வெள்ளைக் கை. அலமாரிக் கதவில், தட்டுகளின் ஓரத்தில், தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால், அடுப்பு மேடையின் இரண்டு பக்கமும் கை. பிளக்கின் மேலேயே நாலு விரல் — அது நான், உப்பு ஜாடியை எடுத்தபோது. இத்தனை இடத்தைத் தொடுகிறோம் என்று எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் அந்தோணியோடு உள்ளே வந்த என் வீட்டுக்காரர் திகைத்துப்போனார்.

"என்னடி இது, காவி அடிச்ச சுவர இப்புடிப் பாழாக்கி வச்சிருக்கீங்க?"

வெளி ஆள் நிற்கிறான். ஆனாலும் பேசினேன். அந்தோணியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினேன். "இதெல்லாம் ஈரக்கை படுற எடம். ஒரு நாள்ல, ஒரு பொழுதுல."

அந்தோணி ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே வந்தான். "ஆத்தாடி... இங்கிட்டும் கை, அங்கிட்டும் கை" என்றான். அம்மிக்கு மேலே பென்சில் கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான். கட்டத்துக்குள் அப்பியிருந்த கைகளை எண்ணக்கூட முடியாது. ஒன்றின் மேல் ஒன்றாய், அழுந்தி, அழுந்தி.

"இது யாரு கை ஆத்தா?"

"சரோஜாவோடது. வகுறு கனம். அம்மியிலேருந்து எந்திரிக்கும்போது அங்கதான் ஊனி எந்திரிக்கிறா."

என் வீட்டுக்காரர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். சரோஜாவைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து அந்தோணியிடம் கொடுத்துவிட்டார். ரிட்டயர் ஆன பிறகு அவர் பென்சிலை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் நாலு பேரும் கை படாத சுவரைத் தேடினோம். ஒரே ஓர் இடம்தான் அகப்பட்டது. தண்ணீரும் இல்லை, எண்ணெயும் இல்லை. அடுப்படி வாசற்படியை ஒட்டி, வடமேற்கில், நெஞ்சு உயரத்தில், பளிச்சென்று சுத்தமாய் இருந்தது.

"அது வாயு மூலையாச்சே..." என்று அவர் இழுத்தார்.

"கரண்டு மட்டும் கண்ணுக்கா தெரியுது ஐயா? அதுவும் காத்து மாதிரித்தான். இருந்துட்டுப் போகட்டும்" என்றான் அந்தோணி.

இரண்டே நாளில் வேலை முடிந்தது. அலமாரிக்குள் இருந்த வயர் முழுவதையும் உருவிவிட்டான். உத்தரத்தை ஒட்டி மரச்சட்டம் அடித்து, அதில் கிளிப் போட்டு வயரைக் கொண்டுவந்து, போர்டுக்கு நேராக இறக்கினான். முன்பு வேண்டாம் என்று விட்டிருந்த எர்த் கம்பியையும் இழுத்து, மூன்று முளை பிளக் வைத்தான். அடுப்பை அதன் அடியில் ஒரு பலகை மேல் வைத்தாயிற்று. அதன் வயர் இப்போது ஒரு முழம்கூட இல்லை. துணி போட இடமே கிடையாது.

உங்கள் வீட்டில் அடுப்படிக்குக் கரண்ட் இழுக்கிறார்களா? பிளான் தாளைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு சட்டி மாவைக் கரையுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த ஒரு சுவர் மட்டும் எப்படி அவ்வளவு சுத்தமாய் இருந்தது? என் வீட்டுக்காரர் தினமும் வந்து நின்றுகொண்டு "காப்பி ஆச்சா?" என்று கேட்கிற இடம் அது. அவர் நிற்பார் என்று நாங்கள் ஒதுங்கிப் போவோம். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, இந்தக் கரண்ட் வேலைக்குத் தவிர, அதற்கு மேல் ஓர் அடி உள்ளே வைத்ததில்லை அவர்.

இன்று காலையிலும் வந்து நின்றார், கேட்டார். சரோஜா அம்மியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஸ்விட்ச் ஒங்க கைக்கிட்டதான் இருக்கு மாமா. போடுங்க, ஆயிரும்."