புதுசா பழசா என்று அலைந்த நாலு மாதம்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். நாமக்கல்லில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, வீடு கட்ட யாரோ ரோட்டில் கொட்டி வைத்திருந்த எம்-சாண்ட் மணலில் ஸ்கூட்டர் வழுக்கி என் மனைவி விழுந்தாள். இடது காலில் முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட் வைத்துத் தைத்தார்கள். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டரில் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் அவள் தலைமையாசிரியை. தலைமையாசிரியை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், அங்கே மொத்தமே இரண்டு டீச்சர்தான். ஆயுத பூஜை கழிந்து, கையில் ஊன்றுகோலோடு மறுபடி வேலைக்குப் போனாள். டூவீலரைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இரண்டு பஸ் மாறி, அதற்கப்புறம் அரை கிலோமீட்டர் நடை.

நானும் சும்மா இருந்துவிடவில்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன் நான். என் பெண்டாட்டி பஸ்ஸில் இடிபட்டுப் போவதா என்று எனக்கே பொறுக்கவில்லை. என்னிடம் இருந்த பழைய கார் ரொம்பத் தாழ்வு, அதில் குனிந்து உட்கார்ந்தால் அவளால் எழுந்திருக்க முடியாது. பெரிய ஜீப் மாதிரி வண்டி என்றால் காலைத் தூக்கி ஏற முடியாது. சீட் இடுப்பு உயரத்துக்கு இருக்கிற வண்டியாகப் பாருங்கள் என்று பிசியோதெரபி கொடுத்த பெண் சொன்னாள். காருக்கும் பெரிய எஸ்.யூ.விக்கும் நடுவில் கிராஸ்ஓவர் என்று ஒன்று வருகிறதே, அது. அதோடு விட்டிருந்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்திருக்கும். வாங்குவதுதான் வாங்குகிறோம், அதிலேயே நல்ல சொகுசு வண்டியாக வாங்கிவிடுவோம் என்று நான் வாயை விட்டேன். அங்கே பிடித்தது சனி.

எங்கள் பக்கம் வண்டி பார்க்கப் போவதும் பெண் பார்க்கப் போவதும் ஒன்றுதான். தனியாகப் போகக் கூடாது, விஷயம் தெரிந்த ஆம்பளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு வாய்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. சேலத்தில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் வேலை. கார் பற்றிப் பேசும் வீடியோ ஒன்று விடாமல் பார்ப்பவன். அவனுக்குப் புது வண்டிதான் வேண்டும். இன்னொருவர் எனக்கு முப்பது வருடம் பழக்கமான லாரி மெக்கானிக். அவருக்குப் பழசுதான் வேண்டும்.

"புதுசு ஷோரூம் கேட்டைத் தாண்டுனாலே பாதி வெல போயிருதுங்கண்ணா" என்பார் இவர். "மாமா, இந்த வண்டியெல்லாம் செகண்ட்ல எடுத்தா ஒரு சென்சார் போனாலே சோலி முடிஞ்சுது" என்பான் அவன். நடுவில் நான். காலையில் புதுசு என்று முடிவு செய்வேன், சாப்பாட்டு வேளைக்குள் பழசாகிவிடும்.

சேலத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடி மாதிரித் தரை. கோட்டு போட்ட பையன் ஒருவன் வந்து, உள்ளே விளக்கு எத்தனை கலரில் எரியும், மேலே கூரை எப்படித் திறக்கும் என்று அரை மணி நேரம் காட்டினான். நாமக்கல் வெயிலில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் கேட்டேன், அவன் மறுபடி விளக்குக் கலரைக் காட்ட ஆரம்பித்துவிட்டான். அதற்குள் மெக்கானிக்கைக் காணோம். பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புது வண்டியின் அடியில் மல்லாக்கப் படுத்திருக்கிறார். வெளியே வந்தவர், பின்னால் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஸ்டெப்னி எங்கீங்க?"

இந்த டயர் பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும், அதனால் ஸ்டெப்னி என்று தனியாக மாற்று டயர் கிடையாது என்று பையன் விளக்கினான். எங்கள் மெக்கானிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஸ்டெப்னி இல்லாத வண்டில குடும்பத்த எப்படீங்க ஏத்தறது?" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். புதுசு அன்றைக்கு அதோடு போயிற்று.

அடுத்து எடப்பாடியில் ஒரு விசைத்தறிக்காரர் வீட்டில் நாலு வருடப் பழைய வண்டி. பார்க்க நகைப்பெட்டி மாதிரி இருந்தது. மெக்கானிக் ஆயில் கம்பியை உருவி முகர்ந்தார், டயரை ஸ்பேனரால் தட்டினார், சைலன்சரில் கையை வைத்தார், பத்துக்கு எட்டு மார்க் போட்டார். நானும் அட்வான்ஸ் எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டுவிட்டேன். அப்போது மச்சினன் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துக் காட்டினான். கடைசி ஒரு முழத்துக்குச் சேற்றுக் கறை. எங்கேயோ வெள்ளத்தில் முழுகி எழுந்த வண்டி. திரும்பி வரும் வழியெல்லாம் அவன் வீடியோவின் பெருமையை நான் கேட்க வேண்டியதாயிற்று. மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

இப்படியே ஐப்பசி போய்க் கார்த்திகையும் வந்துவிட்டது. எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. சரி, சாமியிடமே கேட்டுவிடுவோம் என்று குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். எங்கள் பக்கம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம் என்று இலையில் கட்டி அம்மன் காலடியில் போட்டு, மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"பாத்தீங்களா மாமா, புதுசுதான்" என்றான் மச்சினன். "வெள்ளைன்னா பழசுங்க தம்பி, செவப்புதான் புதுசுன்னு நான் நெனச்சேன்" என்றார் மெக்கானிக். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கிளம்பும் அவசரத்தில் எது எதற்கு என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ளவே இல்லை. நான் என்ன நினைத்தேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்கலாமா என்றேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு தடவை கேட்டால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் மார்கழி. மார்கழியில் வண்டி எடுக்கக் கூடாது என்று ஒரு மாதம் சும்மாவே கழிந்தது. இந்த நாலு மாதத்தில் என் மனைவி வண்டியைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "ஏனுங்க, ஏதாச்சும் ஆச்சுங்களா?" வண்டி வாங்குவது என்றால் கத்திரிக்காய் வாங்குவது போலவா என்று நான் எரிந்து விழுந்தேன். அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை.

தை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை. சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைரோடு ஏறும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு அம்மா தன் வண்டியை விற்கப் போவதாகத் தகவல் வந்தது. பாங்க்கில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது இருக்கும். மூன்று வருடம் அவரே ஓட்டிய வண்டி, கியர் மாற்றும் வேலை இல்லாத ஆட்டோமேட்டிக். கண் பார்வை குறைந்துவிட்டதால் இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சாயந்திரம் நாலரை மணிக்கு நாங்கள் மூவரும் போய் இறங்கினோம். மெக்கானிக் கேட்காமலே சாக்கை விரித்து அடியில் படுத்துவிட்டார். மச்சினன் சீட் பெல்ட்டை இழுத்தான். அந்தம்மா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வண்டி யாருக்குங்க தம்பி?"

"எங்க ஊட்டுக்காரிக்குங்க. கால்ல ஆப்பரேசன் ஆயிருக்குது. ஒசரம் தோதா இருக்கோணும்" என்றேன்.

"அவங்க எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கறாங்க. இந்நேரம் பஸ்ஸுக்கு நின்னுட்டிருப்பாங்க."

"எத்தனை நாளா வண்டி பாக்கறீங்க?"

நாலு மாதமாக என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவ்வளவு அலசிப் பார்ப்பவன் என்று அவர் நினைக்கட்டும் என்று. அந்தம்மா மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப நாலு மாசமா அந்தக் காலோட அவங்க பஸ்ல போறாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுபது வயது அம்மா என்பதால் அடக்கிக்கொண்டேன். விலை சொல்லுங்கள் என்றேன். "அவங்கள கூட்டிட்டு வாங்க. அவங்க உக்காந்து பாக்காம நான் விலை பேச மாட்டேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடியில் இருந்த மெக்கானிக்குக்கு நடந்தது எதுவும் தெரியாது. "அண்ணா, தங்கமாட்ட இருக்குதுங்க" என்று குரல் மட்டும் வந்தது.

வீடு வந்து சேரும் வரை நான் பொரிந்துகொண்டே வந்தேன். காசு கொடுப்பவன் நான், இந்தம்மா யார் எனக்குப் பாடம் நடத்த என்று மனைவியிடம் வந்தும் கத்தினேன். அவள் காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, அந்தத் தாளை என் பக்கம் தள்ளினாள். விருப்ப ஓய்வு கேட்டு மனு.

"திங்கக்கெழம குடுத்தர்றனுங்க. இனி வண்டிக்கு அலையாதீங்க" என்றாள்.

ஓய்வு பெற அவளுக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது. பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு உயிர். காய்ச்சலோடு போய்ப் பாடம் நடத்தியவள். என்ன ஆச்சு என்று கேட்டேன். போன வாரம் பஸ்ஸில் ஏறும்போது ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் இருக்கும்போதே வண்டியை எடுத்துவிட்டார்களாம். உள்ளே இருந்த ஒரு பெண் கையைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறாள். இல்லையென்றால் சக்கரத்தில் போயிருப்பேன் என்று சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏன் அம்மிணி எங்கிட்டச் சொல்லுல?"

"நீங்கதான் வண்டி பாத்துட்டிருந்தீங்களே."

குத்திக்காட்டவில்லை அவள், உள்ளதைச் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு ஆலோசகர்களுக்கும் தகவலே சொல்லவில்லை. பழைய காரில் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்துத்தான் கூட்டிப்போனேன், அதிலிருந்து அவளை இறக்குவதற்குள் இரண்டு பேருக்கும் வேர்த்துவிட்டது. நான் போய் அந்த வண்டியின் பின்கதவைத் திறந்தேன். நாலு மாதமாக நான் உயரம் பார்த்ததெல்லாம் அந்தப் பின்சீட்டுக்குத்தான். டிரைவர் ஒருவரைப் போட்டுவிடலாம் என்பது என் ஏற்பாடு. அந்தம்மா பின்கதவைச் சாத்திவிட்டு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து என் மனைவியைப் பார்த்தார்.

"ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் இருக்குதுங்க. எடுத்து ரெண்டு வருசந்தான் ஓட்டுனேன்" என்றாள் அவள். என் பக்கம் பார்க்கவில்லை. எனக்குத்தான் காது சூடானது. கல்யாணமான புதிதில் அவள் கார் ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக்கு, கிளச்சு, கண்ணு எங்க இருக்குது என்று கத்திய கத்தலில்தான் அவள் சாவியை மேசையில் வைத்தாள். அதற்கப்புறம் தொடவே இல்லை. அவளுக்கு ஓட்டப் பிடிக்கவில்லை என்று இத்தனை வருடம் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இதுல இடது காலுக்கு வேலையே இல்லம்மா. வலது கால் ஒன்னு போதும்" என்றார் அந்தம்மா. நாலு மாதம் மூன்று ஆம்பளைகள் சேர்ந்து ஆயில் முகர்ந்தோம், இந்த ஒரு விஷயம் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

நான் முன்சீட்டில் ஏறப் போனேன். "நீங்க பின்னாடி உக்காருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அந்தம்மாவே முன்னால் உட்கார்ந்தார். மனைவி இடுப்பை மட்டும் சாய்த்து உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். கை கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், வண்டியை எடுத்தாள். ஒரு திருப்பத்தில் எதிரே லாரி வந்தது. என் வாய் தானாகத் திறந்தது. அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் தூக்கிக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். லாரி போயிற்று, ஒன்றும் ஆகவில்லை.

மலையடிவாரம் வரை போய்த் திரும்பி வந்து நிறுத்தினாள். இறங்காமல் அப்படியே உட்கார்ந்து, ஊன்றுகோல் வைக்கக் கதவோரம் இடம் இருக்கிறதா, மழையில் பள்ளி வழி மண்ரோட்டில் போகுமா, பஞ்சரானால் யாரைக் கூப்பிடுவது என்று மூன்றே கேள்வி கேட்டாள். அந்தம்மா பதில் சொன்னார். விலையையும் அவர்களே பேசிக்கொண்டார்கள். மொத்தம் ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. சாவியைக் கொடுக்கும்போது அந்தம்மா கண் கலங்கிவிட்டார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை அவள் மனுவைக் கொடுக்கவில்லை. பத்து நாள் ஒரு டிரைவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பழகிவிட்டு, ஒரு புதன்கிழமை காலை தனியாக வண்டியை வெளியே எடுத்தாள். நான் கேட்டைத் திறந்துவிட்டு நின்றேன். கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க, வர்றதுன்னா ஏறுங்க, பட்டறைல உட்டுட்டுப் போறேன்" என்றாள். ஏறி உட்கார்ந்தேன். பட்டறை வரும் வரை வாயே திறக்கவில்லை. வெல்டிங்கை நிறுத்திவிட்டு ஆட்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க, என்னை இறக்கிவிட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

எப்போதாவது அவளிடம் கேட்டு அந்த வண்டியை நான் எடுக்கும்போது, அவள் உயரத்துக்கு முன்னால் இழுத்து வைத்திருக்கும் சீட்டில் என் முட்டி இடிக்கும். அந்த மனு மட்டும் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, அப்படியே கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன்.