ஞாயிற்றுக்கிழமைக் கக்கா

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் மகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் குடிவந்து ஐந்து மாதமாகிறது. ஒன்றே முக்கால் வயது யாழினி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, "கக்கா, கக்கா" என்று சிணுங்குவாள். தூக்கிக்கொண்டு ஓடிக் கழிப்பறையில் உட்காரவைப்பேன். அழுகைதான் வரும். உலர்திராட்சை ஊறிய தண்ணீர் கொடுத்தாயிற்று, தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெயும் தடவியாயிற்று.

ஊரில் இருப்பவர்களே, சிரிக்காதீர்கள், நான் திருச்சியில் குழந்தை உளவியல் படித்தவள். கழிப்பறைப் பழக்கத்தில் கடுமை காட்டினால் குழந்தைக்குத் தன்மேலேயே வெட்கமும் சந்தேகமும் வரும் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள். அதனால்தான் பயம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் அதட்டியதுதான் பிள்ளையைக் கெடுத்துவிட்டதோ என்று மனம் அடித்துக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைக் காப்பகத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளும் மலாய்ப் பெண்ணிடம் கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. குழந்தையைக் காட்டி, "கக்கா ஓகே?" என்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாக நெஞ்சில் கைவைத்து, "ஓகே, ஓகே! தெரிமா காசே!" என்றார். இதற்கு எதற்கு நன்றி என்று விளங்காமலே வேலைக்கு ஓடினேன்.

அந்த ஞாயிறும் அதே அழுகை. திங்களன்று, அங்கே வேலை செய்யும், இங்கேயே செந்தூலில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண் தேவியிடம், டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டேன்.

"அய்யோ அக்கா, வயித்துல ஒன்னும் இல்ல லா! ஞாயித்துக்கெழம மட்டுந்தானே இங்க லீவு, அவ காகாக்க தேடுறா. மலாய்ல காகாக்னா அக்கா. இங்க புள்ளைங்க எல்லாம் அவங்கள அப்படித்தான் கூப்புடும். கடைசி எழுத்த முழுங்கிருவாங்க, அதான் உங்களுக்குக் கக்கான்னு கேக்குது."

சிரிப்பு வந்தது. கூடவே வயிறும் எரிந்தது. குழந்தை ஒருவரிடம் மட்டும் ஒட்டுவதில்லை, இரண்டாவது பிணைப்பு முதலாவதைக் குறைப்பதுமில்லை என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள், ஒரு வாரம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே என் பிள்ளையை வாங்கி வந்தேன்.

இங்கே இருந்தால் அம்மாவுக்காக ஏங்குவதும், ஊருக்குப் போனால் இந்த வீட்டை நினைத்துக்கொள்வதும் என் தலையெழுத்து என்றிருந்தேன். அது இவளுக்கு ஒன்றே முக்கால் வயதிலேயே வந்துவிட்டது. அதைப் போய் நோய் என்று நினைத்தேனே!

அடுத்த சனிக்கிழமை மாலை நானே, "காகாக்குக்கு டாட்டா சொல்லு" என்றேன். காப்பகத்தின் படியிறங்கும்போது யாழினி என் தோளுக்குமேல் எட்டி, மாடியில் நின்றவரையே பார்த்தாள். அவள் கையோ என் தாலிக்கொடியை இறுகப் பிடித்திருந்தது. பாதிப் படியில் நின்றேன். பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.