வண்டி கிளம்பலாமா?

ஜீப் நிறைவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும். தேவசேனா கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதப் படித்தது அப்படித்தான். பண்ணைக்காடு ஸ்டாண்டில் பிச்சை முகம்மதுவின் ஜீப் ஆளுக்காக நிற்கும். அதன் பின்பக்க மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, துப்பட்டாவுக்குள் போனை வைத்துக்கொண்டு படிப்பாள். வண்டி நிறைந்து கிளம்பி முதல் வளைவைத் தாண்டினால் சிக்னல் போய்விடும். அப்புறம் அவள் ஊரான கரடிப்பாறை வரைக்கும் காப்பித் தோட்டமும் மூடுபனியும்தான். வீட்டில் அந்தப் போன் டார்ச் லைட்டுக்கு மட்டும் ஆகும்.

பகலெல்லாம் அவளுக்குப் பண்ணைக்காட்டில் ஒரு காப்பிக் களத்தில் வேலை. காய்ந்த கொட்டைகளை முறத்தில் பரப்பி, கறுத்ததையும் உடைந்ததையும் பூச்சி துளைத்ததையும் பொறுக்கி எறிய வேண்டும். வாய் திறக்கத் தேவையில்லாத வேலை என்பதால் அவளுக்குப் பிடித்திருந்தது. கண்ணுக்குத்தான் ஓய்வில்லை. களத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் நேற்று அழுதாள், மேஸ்திரி எந்த நேரத்தில் சிரிப்பார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எதையும் யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனது. அதற்கும் இந்த ஜீப்தான் காரணம். கரடிப்பாறையில் காலையில் ஆள் சேர்ந்து வண்டி நிறைந்து கிளம்பிப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முதல் பாடம் பாதி ஓடியிருக்கும். வாசலில் நிற்க வைப்பார்கள். ஏன் லேட் என்று கேட்டால் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் வாசலில் நின்றவள், மறுநாள் வாசலுக்கே போகவில்லை. வீட்டிலும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

இப்போது முப்பதை நெருங்குகிறாள். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் பெண்களுக்கான இந்த இலவச வகுப்பில் சேர்ந்தாள். பாடமெல்லாம் போனிலேயே வரும். நடத்துவது மணிமேகலை மேடம். முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். அந்தக் குரல்தான் ஃபங்ஷன் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தது. உள்ளே சில எண்களைக் கொடுத்தால், அதை வைத்து ஒரு பதிலைத் திருப்பிக் கொடுக்கிற நாலைந்து வரி நிரல், அவ்வளவுதான். எழுதினால் மட்டும் போதாது, சோதிக்கவும் வேண்டும் என்றது அந்தக் குரல். இன்ன எண்ணைக் கொடுத்தால் இன்ன பதில் வர வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அன்றிலிருந்து தேவசேனாவுக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. கொட்டை பொறுக்கும்போது விரல் முறத்தின் விளிம்பில் தாளம் போட்டது. சோறு வடிக்கும்போது முந்தாநாள் எழுதிய வரி வந்து நின்றது. அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தடவை பார்க்கிறவள் இப்போது நாலு தடவை பார்த்தாள்.

கடைசிப் பயிற்சி வந்தது. அதில் தேறுகிறவர்களுக்குக் கொடைக்கானலில் நேரடி வகுப்பு, படிக்கும் காலம் முழுக்கக் கையில் ஒரு லேப்டாப், முடித்ததும் வேலைக்கு ஏற்பாடு. ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. கேள்வி இதுதான்: 'ஒரு வண்டியில் எத்தனை இருக்கை, எத்தனை பயணிகள் என்று தரப்படும். வண்டி கிளம்பலாமா என்று சொல்லும் ஃபங்ஷனை எழுதுக.'

படித்ததும் தேவசேனாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இதைக்கூடவா கேட்பார்கள்? ஆள் இருக்கைக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருந்தால் கிளம்பலாம், குறைந்தால் கூடாது. எழுதினாள். சோதித்தாள். பத்து இருக்கைக்குப் பத்துப் பேர், கிளம்பலாம். பன்னிரண்டு பேர், நெருக்கி உட்கார்ந்து கிளம்பலாம். ஆறு பேர், கூடாது. எல்லாம் அவள் நினைத்தபடியே வந்தது. அனுப்பினாள்.

திரை சிவந்தது. மேடம் தன் பக்கம் மறைத்து வைத்திருந்த சோதனைகளில் ஒன்றே ஒன்றுதான் பச்சை. மற்றதெல்லாம் சிவப்பு. எது தவறு என்று அது சொல்லாது.

எழுத்தில் ஏதோ பிழை என்று நினைத்து, அதையே வேறு மாதிரி எழுதி மறுபடி அனுப்பினாள். மறுபடியும் அதே ஒற்றைப் பச்சை. இனி ஒரு வாய்ப்புதான் மிச்சம். கெடு ஞாயிறு மாலை வரைதான். ஞாயிற்றுக்கிழமை களமும் கிடையாது, ஜீப்பும் ஓடாது. ஆக, சனிக்கிழமை வேலை விட்டு வந்து இந்த ஜீப் நிறைகிற நேரம் மட்டுமே அவளுக்கு இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஸ்டாண்டைப் பனி மூடிக் கிடந்தது. தேவசேனா தன் மூலையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. களத்தில் அவளோடு கொட்டை பொறுக்குகிற கந்தம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள, ஒன் கால நிறுத்து. வண்டியே ஆடுது. ஸ்டார்ட் பண்ணாமலே கரடிப்பாறை போயிரும் போல."

"சும்மா இருங்கக்கா."

"போன்ல யாரு? மாப்பிள்ளையா?"

"ஜீப்பு."

"ஜீப்புக்குள்ள உக்காந்துக்கிட்டு ஜீப்பப் பாக்குறியா? நல்ல சோலிதான் போ."

அப்போது முதுகில் பையோடு வெளியூர்ப் பெண் ஒருத்தி வந்து முன்சீட்டில் ஏறினாள். கரடிப்பாறைக்கு அந்தப்பக்கம் ஒரு தோட்டத்தில் தங்க வந்தவள் போலிருந்தது. கொஞ்ச நேரம் போனது. அவள் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"டிரைவர், கிளம்பலாமே?"

"இருங்கம்மா, ஆளு வரட்டும்." பிச்சை முகம்மது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நிறைய இடம் இருக்கே. இடம் இல்லைன்னாதான கிளம்பக் கூடாது? இடம் இருந்தா கிளம்ப வேண்டியதுதானே?"

"எங்க ஊருல இடம் இருந்தா வண்டி நகராதும்மா. ஒடனே கெளம்பணும்னா நீங்க தனியா வாடகைக்குப் பிடிக்கணும்."

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். தேவசேனா சிரிக்கவில்லை. கால் ஆடுவது நின்றிருந்தது. இடம் இல்லைன்னாதான கிளம்பக் கூடாது. இந்தக் கேள்வியை எழுதியவர் முன்சீட்டுக்காரியைப் போன்ற ஒருவர். ஜீப் நிறைகிறதா என்று காத்துக்கிடந்து பழகாதவர். அவருக்கு ஆள் குறைவது ஒரு குறையே இல்லை, அளவுக்கு மேல் ஏறுவதுதான் குறை.

பெரிதா சிறிதா என்று ஒப்பிடும் குறியின் வாயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திருப்பினாள். ஆறு பேர், கிளம்பலாம். பன்னிரண்டு பேர், கூடாது. பத்துப் பேர், கிளம்பலாம். அந்தப் பத்து, எப்படித் திருப்பினாலும் கிளம்பலாம். அந்த ஒற்றைப் பச்சை எதற்கு வந்தது என்று இப்போது தெரிந்தது. தன் சோதனைகள் எல்லாமே தன் மூலையிலிருந்து பார்த்தவை என்பதும் தெரிந்தது.

அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தவள் எடுத்துவிட்டாள். யாருமே இல்லாவிட்டால்? பயணிகள் பூஜ்யம் என்று கொடுத்தால்?

"அக்கா," என்றாள் மெதுவாக. "ஆளே இல்லன்னா வண்டி கிளம்பலாமா?"

கந்தம்மாளுக்குக் குரல் அடங்காது. "ஆளே இல்லாத வண்டி எதுக்குடி கிளம்பணும்? காத்து வாங்கவா?"

நியாயமாகத்தான் பட்டது. பூஜ்யம் என்றால் கூடாது என்று தனியாக ஒரு வரி சேர்த்தாள். அதற்குள் வெளியிலிருந்து பிச்சை முகம்மது சொன்னார்: "ஏன் கிளம்பாது? வெள்ளனே நான் காலி வண்டியத்தான ஓட்டிட்டு இங்க எறங்குறேன்? தோட்டத்து ஆளுகள ஏத்துறதுக்கு."

விடிவதற்கு முன் அந்த ஜீப் இறங்குகிற சத்தத்தைப் படுக்கையில் கிடந்து தினமும் கேட்டிருக்கிறாள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று யோசித்ததில்லை. சேர்த்த வரியை அழித்தாள். ஆனால் கந்தம்மாளும் இந்த ஊர், பிச்சை அண்ணனும் இந்த ஊர். கேள்வி இந்த ஊருடையது இல்லையே. அழித்த வரியை மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தாள், மறுபடி எழுதினாள். கேள்வியை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதில் அவள் இதுவரை ஒரு வணக்கம்கூடப் போட்டதில்லை. தட்டினாள், அழித்தாள், தட்டினாள். 'மேடம், வண்டியில் யாருமே இல்லாவிட்டால் கிளம்பலாமா?' அனுப்பிவிட்டு உடனே போனைக் கவிழ்த்துக்கொண்டாள். காது சுட்டது.

பதில் வரவில்லை. ஆள்தான் வந்தது. சந்தைக் கூடையோடு இரண்டு பேர், அப்புறம் ஒரு குடும்பம். பிச்சை முகம்மது டீ கிளாஸை வைத்துவிட்டு ஏறினார். "நெறஞ்சிருச்சு, போவோமா?" என்றபடி சாவியைத் திருகினார்.

வண்டி உறுமியது. முதல் வளைவு வந்தால் எல்லாம் முடிந்தது. தேவசேனா எழுந்து நின்றாள். தலை கம்பியில் இடித்தது. கந்தம்மாளின் காலை மிதித்துத் தாண்டிக் கீழே குதித்தாள்.

"ஏய், எங்கடி போற?"

"அண்ணே, நீங்க போங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஜீப்பிலிருந்த எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. இத்தனை கண்கள் ஒன்றாக அவளைப் பார்த்தது அந்தப் பள்ளிக்கூட வாசலில்தான். டீக்கடைத் தகரத்தடியில் போய் நின்றுகொண்டாள். முன்சீட்டுக்காரி கேட்பது காதில் விழுந்தது. "ஒரு ஆள்தானே குறையுது? இதுக்கும் நிக்கணுமா?"

"ஆளு எங்கம்மா கொறஞ்சிச்சு? அந்தா நிக்குது. இதான் கடைசி வண்டி. அதை விட்டுட்டு எப்படிப் போறது?" பிச்சை முகம்மது எஞ்சினை அணைத்தார். "ஏ புள்ள, வெரசா வா! டீசலு தீயுது!"

"அதான் ஆஃப் பண்ணிட்டீங்கள்ல," என்றாள் கந்தம்மாள்.

போன் அதிர்ந்தது. 'தேவசேனா யாரு? குரூப்ல இதுவரைக்கும் பார்த்ததே இல்லையே. கிளம்பலாம்மா, டிரைவர் இருக்கார்ல. இதை நான் கேள்வியிலேயே எழுதியிருக்கணும், விட்டுட்டேன்.'

நிரலை ஒருமுறை பார்த்தாள். அந்தத் தனி வரி கடைசியில் எழுதியபடியே இருந்தது. அழித்தாள். பூஜ்யம், ஆறு, பத்து, பன்னிரண்டு என்று எல்லாவற்றையும் இன்னொரு தடவை ஓட்டினாள். பதினொன்றையும் போட்டுப் பார்த்தாள். அனுப்பினாள்.

வட்டம் சுற்றியது. பச்சை. அதற்குக் கீழே பச்சை. கீழே தள்ளத் தள்ள எல்லாம் பச்சை. பிறகு ஒரு வரி: 'திங்கள்கிழமை காலை முதல் கொடைக்கானல் வகுப்பு. தாமதமாக வருபவர்களுக்கு அனுமதி இல்லை.'

ஜீப்பில் ஏறித் தன் மூலையில் உட்கார்ந்தாள். யாரோ முணுமுணுத்தார்கள். கந்தம்மாள் மிதிபட்ட காலைத் தேய்த்துக்கொண்டே, "என்னடி, அழுவுறியா சிரிக்கிறியா?" என்றாள்.

"தேறிட்டேங்க்கா."

"பெறகு ஏன் மூஞ்சி இப்படிக் கெடக்கு?"

வண்டி வளைவைத் தாண்டியது. சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தேவசேனாவின் கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது. கொடைக்கானல் போகிற முதல் பஸ்ஸைப் பண்ணைக்காட்டில் பிடித்தால்தான் வகுப்புக்குப் போய்ச் சேரலாம். கரடிப்பாறையில் ஜீப் நிறைகிற நேரத்தில் அந்தப் பஸ் போய்விட்டிருக்கும். அதே வாசல், அதே நிற்பு. எல்லாம் ஒன்பதாம் வகுப்பு மாதிரியே.

கரடிப்பாறை வந்து, மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை அவள் இறங்கவில்லை. பிச்சை முகம்மது திரும்பிப் பார்த்தார்.

"என்ன புள்ள, எறங்கலயா?"

"அண்ணே." எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளனே காலி வண்டி எறங்குதுன்னீங்கள்ல. திங்கக்கிழமையிலருந்து நான் அதுல ஏறிக்கலாமா?"

"நீ ஏறிட்டா அது காலி வண்டி இல்லையே," என்று சிரித்தார். "ஒத்த ஆள வச்சுக்கிட்டு நான் எந்தக் காலத்துல வண்டி எடுத்திருக்கேன்?"

அவள் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"கிளம்பலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்கண்ணே."

பிச்சை முகம்மது அவளை ஒரு கணம் பார்த்தார். இந்தப் பெண் சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"கெளம்பலாம்," என்றார்.