பனியன் துணியால் அளந்த வட்டம்

ஆன்லைன் வகுப்பு என்றால் என் காதில் இன்றும் முதலில் கேட்பது பவர் டேபிள் தையல் மிஷின் ஓடும் சத்தம்தான். ஏதோ ஒரு பிள்ளை மைக்கை அணைக்க மறந்திருக்கும். பின்னால் அம்மா தைத்துக்கொண்டிருப்பார். நடுவே குக்கர் விசில்...

கொரோனா சமயம். திருப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பீஸ் சரியாக வரவில்லை, கணக்குக்கு ஒரு ஆள் போதும் என்றது நிர்வாகம். இருந்தது நானும் பிரவீனும். வட்டத்தின் சுற்றளவு பற்றி ஆளுக்கு ஒரு டெமோ வகுப்பு எடுக்க வேண்டும். கரஸ்பாண்டென்ட் பார்ப்பார், பெற்றோரும் பார்க்கலாம். யாருடையது பிடிக்கிறதோ அவருக்கு வேலை.

எம்.பில். வரை படித்து, அந்தப் பள்ளியிலேயே தலை நரைத்தவன் நான். நேற்று வந்த பையனோடு என்னை நிறுத்தி எடை போட்டார்கள். அதை இன்னும் மறக்கவில்லை.

பிரவீன் நெட்டிலிருந்து ஒரு வீடியோவை ஓடவிட்டான். வட்டம் கலர் கலராக விரிந்தது. இசையோடு 3.14 வந்து நின்றது. திரை முழுக்கக் கைதட்டல் பொம்மைகள்.

மறுநாள் என் வகுப்பு. நெட்டில் நானும் தேடியிருந்தேன். ஒரு சக்கரம் உருண்டு, தன் சுற்றளவைத் தரையில் கோடாக விட்டுப் போகும் பக்கம் கிடைத்தது. சக்கரத்தை நாமே பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். ஆனால் அது கடைசியில்தான். முதலில் பிள்ளைகள் வீட்டுத் தட்டையோ டப்பா மூடியையோ நூலால் சுற்றி, அந்த நீளத்தை ஸ்கேலில் பார்த்து, குறுக்களவால் வகுக்க வேண்டும். எந்த வட்டமானாலும் மூன்றும் கொஞ்சமும் வரும். அந்த ஆச்சரியம் அவர்கள் கையிலிருந்தே வரட்டும் என்று நினைத்தேன்.

அன்று காலை முழுக்க ஒரே யோசனை. நெட் போய்விடுமோ, கரண்ட் போய்விடுமோ... மனைவி வைத்த காபி ஆறிக் கிடந்தது. வகுப்பில் பிள்ளைகள் சுற்றி, அளந்து, வகுத்து ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

"எனக்கு ரெண்டு புள்ளி ஆறுங்க சார்."

"எனக்கு ரெண்டு புள்ளி எட்டுங்க."

"ரெண்டரைதானுங்க சார் வருது..."

ஒருவருக்குக்கூட மூன்று வரவில்லை.

ஒரு பிள்ளையின் அப்பா மைக்கைத் திறந்தார். "சார் டிஸ்கவுண்ட் போட்டுட்டாருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். கரஸ்பாண்டென்ட் சிரிக்கவில்லை. "ஏனுங்க சார், பை மதிப்பு உங்க கிளாஸ்ல மட்டும் கொறஞ்சு போச்சுங்களா? செரிங்க, பாத்தது போதுங்க."

அவர் பெயர் இருந்த கட்டம் மறைந்தது.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். தர்ஷினி என்ற பிள்ளை அம்மாவின் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"சார், நான் நூல்ல சுத்துலீங்க. பனியன் வேஸ்ட்டுலதானுங்க சுத்துனேன்."

"நானுந்தானுங்க!" "நானுங்க சார்!"

நூலை வைத்தே பிழைக்கும் ஊரில் ஒரு பிள்ளையும் நூல் எடுக்கவில்லை. கம்பெனியில் வெட்டி மிஞ்சும் பனியன் துணியை நீளமாகக் கிழித்து இழுத்தால் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். இங்கே வீட்டில் எதைக் கட்டுவதற்கும் அதுதான்.

"சுத்தறப்ப இறுக்கி இழுத்துட்டனுங்க. ஸ்கேல்ல வெச்சா அது சுருங்கிப் போச்சு. இப்ப இழுக்காம சுத்துனனுங்க சார்... மூணு புள்ளி ஒண்ணு வருது!"

அப்புறம் ஒரே கூச்சல். எல்லாரும் மறுபடி சுற்றினார்கள். எங்கோ பவர் டேபிள் நின்றது. "கண்ணு, அந்தச் சம்படத்து மூடியவும் அளந்து பாரு" என்று ஒரு அம்மாவின் குரல். கடைசியில் சக்கரத்தை உருட்டிக் காட்டினேன். "அது எங்களுக்குத் தெரியுமுங்களே சார்" என்றார்கள்.

நான் எடுத்ததிலேயே நல்ல வகுப்பு அது. ரெக்கார்டிங் கரஸ்பாண்டென்ட் ஐடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போனதுமே நின்றிருக்கிறது.

மறுநாள் பள்ளி ஆபீசிலிருந்து போன். நடந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் செரிங்க சார், ஆனா பிரவீன் சாருன்னு முடிவு பண்ணிட்டாங்க."

இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டேப்பும் கையுமாக டி-ஷர்ட் அளக்கிறேன். துணியை இழுக்காமல் விரித்துத்தான் அளக்க வேண்டும். யாராவது இழுத்தால் எனக்குப் பதறுகிறது.

கம்பெனி வேன் தினமும் அந்தப் பள்ளியைத் தாண்டித்தான் போகிறது. வாசலில் பெரிய பிளெக்ஸ். 'செய்து பார்த்துக் கற்கும் கணிதம்.' ஓரத்தில் பிரவீன் சிரிக்கிறான்.

படத்தில் பிள்ளைகள் தட்டைச் சுற்றியிருப்பது முறுக்கேறிய சணல் கயிறு. இழுத்தாலும் நீளாது. எல்லாருக்கும் முதல் தடவையே சரியாக வந்துவிடும்...

இன்னொரு தடவை சுற்றிப் பார்க்க அங்கே எந்தப் பிள்ளைக்கும் தேவை இருக்காது.