பட்டுப்பாவாடை கட்டிய மீன்

முள்ளியவளைக்கு அப்பால், பஸ் வந்து திரும்பிப் போகிற ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. ஐம்பதுகளின் கடைசி அது. யாழ்ப்பாணத்திலிருந்து விஞ்ஞானம் படிப்பிக்க வந்த இளம்பெண் என்பதால் ஊர் என்னைக் கொஞ்சம் மரியாதையோடும் நிறையச் சந்தேகத்தோடும் பார்த்தது. ஆய்வுகூடம் என்று தலைமையாசிரியர் காட்டிய அறையில் ஒரு உடைந்த தராசும் பூட்டிய அலுமாரி ஒன்றும் இருந்தன. அலுமாரியின் திறப்பைக் கேட்டேன். அது தனக்கு முன்னிருந்தவரின் காலத்திலேயே தொலைந்துவிட்டது என்று ஏதோ பரம்பரைச் சொத்தைப் பற்றிச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொன்னார்.

பெற்றோர் விழா நெருங்கியபோது அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், உங்கட விஞ்ஞானத்தில ஆடிப்பாடக்கூடியதா ஏதும் இருக்கோ?"

இருக்கிறது என்றேன். ஆதிகாலத்து மீன் ஒன்று தண்ணீரை விட்டுத் தரைக்கு வந்த கதையை ஒரு சிறு நாடகமாக எழுதினேன். குளம் வற்றிக்கொண்டு போகிறது. ஒரு மீன் கரையேறப் போகிறேன் என்கிறது. வீடே கூடி அழுகிறது. "தரையில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே, ஆரை நம்பிப் போறாய்?" என்கிறார் மாமா மீன். "காலில்லாமல் அங்க போய் நிண்டால் உன்னை ஆர் கலியாணம் கட்டுவினம்?" என்கிறா மாமி மீன். அது கேட்காமல் போகிறது. அதன் பின்னால் தவளை, ஓணான், மாடு, குரங்கு என்று ஒவ்வொன்றாக வருகின்றன. கடைசியில் மனிதன் வந்து, "எங்கள் எல்லாருக்கும் மூத்தவர் யார்?" என்று கேட்கிறான். எல்லாரும் மீனைக் காட்ட, அவன் அதன் காலடியில் விழுந்து கும்பிடுகிறான்.

மீனுக்குப் பனையேறி என்று பெயர் வைத்தேன். முதல் மழைக்குக் குளத்தைவிட்டு ஏறி, அணைக்கட்டைத் தாண்டி ஊர்ந்து போகிற மீனுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். கள் இறக்குகிறவர்களை ஏளனமாகக் கூப்பிடவும் சிலர் அதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மீனும் பொறுப்பில்லை, நானும் பொறுப்பில்லை.

மீனாக நடிக்க ஒருத்தரும் முன்வரவில்லை. வயிறு நிலத்தில் பட ஊர வேண்டும் என்றதும் பாவாடை ஊத்தையாகிவிடும் என்றார்கள். அம்மா அடிப்பா என்றார்கள். அப்போது வகுப்பின் பின்மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் ஊருறன் ரீச்சர்."

அவளுடைய தகப்பன் கள் இறக்குகிறவர். ஏழாம் வகுப்பு. வாங்குப் பலகைகளில் இடம் இருந்தது. இருந்தும் அவள் நிலத்தில் சாக்கு விரித்துத்தான் இருப்பாள். அது வழக்கம் என்று நான் வந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ஒத்திகையில் அவள் முழங்கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து, வாயைத் திறந்து மூடி, ஒரு சாண் போய் நின்று இளைத்தாள். சிரிக்க ஆயத்தமாக இருந்த பிள்ளைகள் எழும்பி நின்று பார்த்தார்கள்.

இதற்குள் செய்தி பெரியவரிடம் போய்விட்டது. பெரியவர் என்றால் கிராமச்சங்கத் தலைவர். பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருந்த வயல்களில் பாதி அவருடையவை. ஊரில் இருந்த ஒரேயொரு காரும் அவருடையதுதான். தன்னுடைய பாட்டனின் பாட்டன் பெயர்வரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர். அதற்கு மேலே கேட்டால் கோபம் வரும். ஒருநாள் காரில் வந்து இறங்கி, கதிரையில் இருக்காமலே கேட்டார்.

"மாஸ்டர், என்ர பரம்பரை மீனிலயிருந்து வந்ததெண்டு இஞ்ச படிப்பிக்கினமாம். உண்மையோ?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார்.

"எல்லாருமே அப்பிடித்தான் ஐயா," என்றேன்.

"எல்லாரும் எண்டால்?"

"எல்லாரும்தான்."

அவர் சிறிது நேரம் யோசித்தார். அவர் யோசிப்பதை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

"கரையோரத்தில மீன் பிடிக்கிற ஆக்கள் வந்திருக்கலாம். அதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. எங்கட ஆக்கள் வரேல்லை." பிறகு குரலை உயர்த்தினார். "சரி, மீனெண்டே வைப்பம். அதுக்கு அவளோ கிடைச்சவள்? பேரும் பனையேறியாம். மனிசனா நடிக்கிறது என்ர மருமோன். அவன் போய் அவளின்ர காலில விழுறதோ?"

தலைமையாசிரியருக்கு நெற்றி வியர்த்துவிட்டது. சால்வையால் துடைத்தபடி சொன்னார்:

"ஐயா, அது சும்மா மீனில்லை. மச்சாவதாரம்."

மீன் தரைக்கு வரக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன என்று படித்தவள் நான். இந்த மனிதர் அதை ஒரே மூச்சில் வைகுண்டத்துக்கு ஏற்றிவிட்டார். பெரியவரின் முகம் உடனே மாறியது.

"தெய்வமோ? அப்ப தெய்வத்தை அவளோ நடிக்கிறது? என்ர மோள் நடிக்கட்டும்."

ஐந்து நிமிடத்துக்கு முன் அவருடைய பரம்பரையில் மீனே இல்லை. இப்போது அவர் வீட்டுக்குள்ளேயே ஒன்று இருந்தது. கார் போனபிறகு நான் தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போனேன்.

"சேர், அவள் எவ்வளவு நாளாப் பழகினவள். ஊரமாட்டம் எண்டு சொன்ன பிள்ளையள் அல்லோ மற்றதுகள்?"

"ரீச்சர், நீங்கள் இண்டைக்கு வந்தனீங்கள், நாளைக்கு மாற்றலாகிப் போயிடுவியள். எனக்கு இஞ்ச காணி இருக்கு. அவளுக்கு வேற ஏதும் குடுங்கோ. தண்ணியாய் நிக்கட்டும்."

என்னுடைய நீலச் சேலை ஒன்றைத்தான் குளமாக வைத்திருந்தோம். மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை அதை நிலத்தோடு நீட்டி, இரண்டு தலைப்பையும் இரண்டு பிள்ளைகள் பிடிப்பார்கள். அவளிடம் விஷயத்தைச் சொல்லும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் அழவில்லை.

"தண்ணிக்கு வசனம் இருக்கோ ரீச்சர்?"

"இல்லை."

"அசையலாமோ?"

"தண்ணிதானே. அசையலாம்."

"சரி ரீச்சர்," என்றாள்.

விழா ஒரு பின்நேரம் பள்ளிக்கூடக் கொட்டகையில் நடந்தது. முன்வரிசைக் கதிரைகளில் கல்வி அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் பெரியவர், அவருக்குப் பக்கத்தில் சால்வையும் வியர்வையுமாகத் தலைமையாசிரியர். அரைச்சுவருக்கு வெளியே, உள்ளே வர அழைக்கப்படாதவர்கள் நின்றார்கள். கள் இறக்கும் தகப்பனும் அங்கேதான் நின்றார்.

மீன் வந்தது. பச்சைப் பட்டுப்பாவாடை, சரிகைக் கரை, இரட்டைவடச் சங்கிலி, தலை நிறைய மல்லிகை, முகத்தில் அப்பிய பவுடர். ஊரமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டதாம், தாயும் சரியென்று விட்டாவாம். ஆகவே உலகத்தின் முதல் மீன் நிமிர்ந்து நடந்து வந்து குளத்தின் நடுவில் நின்று, "நான் கரையேறப் போகிறேன்!" என்று அறிவித்தது. ஒரு அடி எடுத்து வைத்தது.

தண்ணீரும் ஒரு அடி முன்னுக்கு வந்தது.

மீன் குனிந்து பார்த்தது. இன்னும் இரண்டு அடி வைத்தது. நீலச் சேலையும் இரண்டு அடி வந்து அதன் கணுக்காலைச் சுற்றி அலையடித்தது. மறுதலைப்பைப் பிடித்திருந்த பெடியன், கள் இறக்குகிறவரின் மகள் இழுத்த இழுப்புக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தான். "கரைக்கு வந்துவிட்டேன்!" என்று மீன் மறுபடியும் கத்தியது. தண்ணீர் அதற்குச் சம்மதிக்கவில்லை. முதல் சிரிப்பு அரைச்சுவருக்கு வெளியேயிருந்து வந்தது. பிறகு கொட்டகை முழுவதும் சிரித்தது. தன் முறை வந்துவிட்டது என்று நினைத்த குரங்கு, மாட்டுக்கு முன்னால் ஓடி வந்துவிட்டது. மனிதனாக நடித்த மருமகனார் குரங்கையும் முந்திக்கொண்டு வந்து நின்று, விழுவதற்குக் கால்களைத் தேடினார்.

"போடி அங்கால!" என்று தெய்வம் தண்ணீரைப் பார்த்துச் சீறியது. சீறியதோடு நிற்காமல் காலாலும் உதைத்தது. சேலை காலில் சுற்றியது. மீன் பொத்தென்று விழுந்தது. எழும்பப் பார்த்தது, பட்டு வழுக்கியது, மறுபடி விழுந்தது. வாயைத் திறந்து மூடி, கையைக் காலை அடித்து, நிலமெல்லாம் புரண்டது. என் நாடகத்தில் விஞ்ஞானப்படி சரியாக நடந்தது அந்த ஒரு கட்டம்தான்.

பெரியவர் கதிரையை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். அப்போது கல்வி அதிகாரி கை தட்டத் தொடங்கினார்.

"அந்தமாதிரி நடிப்பு! மீன் மூச்சுக்குத் தவிக்கிறதை அப்பிடியே காட்டுது பிள்ளை. ஆற்ற பிள்ளை இது?"

பாதி எழுந்த மனிதர் அப்படியே நின்றார். பிறகு மெல்ல இருந்து, சால்வையைச் சரிசெய்தார்.

"என்ர மோள்தான். வீட்டிலயும் நல்லாப் பழகினவள்."

அதிகாரி கையாலேயே அவளுக்குப் பரிசும் கொடுக்கப்பட்டது. அதை வாங்கும்போது அந்தப் பிள்ளை விம்மிக்கொண்டிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று தலைமையாசிரியர் அதிகாரிக்கு விளக்கினார்.

எல்லாரும் போனபிறகு, மண் பிரண்ட என் சேலையை மடித்துக்கொண்டு நின்றவளிடம் கேட்டேன்.

"ஏனடி அப்பிடிச் செய்தனீ?"

"மீன் தண்ணியை விட்டுப் போனால் செத்துப்போகும் ரீச்சர். பாவம் எண்டு தண்ணியைக் கொண்டு போனனான்," என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. எனக்குத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்து முடிந்தபோது கோபம் வந்தது. பரிசு யாருக்குப் போனது என்று நினைத்தேன். இவள் நாளைக்கும் சாக்கை விரிப்பாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவளை முன் வாங்கில் இருத்தினேன். அவள் ஓரத்தில் பாதி உடம்போடு இருந்தாள். முழுதாக இரு என்றேன். மூன்று வீடுகளிலிருந்து பிள்ளைகள் வராமல் நின்றார்கள். தலைமையாசிரியர் என்னோடு பேசுவதை நிறுத்தினார், அது எனக்கு ஒரு நட்டமாகத் தெரியவில்லை. வராமல் நின்ற பிள்ளைகள் வீட்டில் மாடு மேய்க்க விடப்பட்டதால் தாங்களாகவே திரும்பி வந்தார்கள். ஆனால் அந்தத் தவணை முடிவதற்குள் எனக்குப் பளைக்கு மாற்றம் வந்துவிட்டது. பெரியவரின் கார் அந்த நாட்களில், கல்வி அதிகாரி இருந்த முல்லைத்தீவுப் பக்கம் அடிக்கடி போய் வந்ததை நான் கண்டிருந்தேன். நான் போனதும் அவளைத் திரும்ப நிலத்தில் இருத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். வழிநெடுக மனம் எரிந்தது.

அடுத்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துத் தையல் ரீச்சரைப் பளைச் சந்தியில் கண்டேன். முதல் கேள்வியாக அவளைப் பற்றித்தான் கேட்டேன்.

"அவள் முன் வாங்கிலதான் இருக்கிறாள்," என்றா தையல் ரீச்சர். "உங்களுக்குப் பதிலா மட்டக்களப்பிலயிருந்து ஒரு மாஸ்டர் வந்தவர். கொஞ்சம் சத்தக்காரன், ஆரெண்டாலும் ஏறிப் பாய்வார். அவர் வந்த அண்டைக்கு அவள் அங்க இருந்தாள். அது அவளின்ர இடமெண்டு நினைச்சிட்டார்."

"ஒருத்தரும் அவருக்குச் சொல்லேல்லையோ?"

"ஆர் சொல்லுறது? தலைமை மாஸ்டர் பெரியவரைச் சொல்லச் சொன்னவர். பெரியவர் தலைமை மாஸ்டரைச் சொல்லச் சொன்னவர்."