பகலில் சாத்திய கதவு

வேதநாயகம் கடலைக் கண்டு பயந்து நிலத்துக்கு வந்தவர் என்று உறவுக்காரர்களில் சிலர் இன்றும் சொல்வதுண்டு. அது சரியல்ல. நொச்சிக்குப்பத்தில் ஆண்டனியின் மூத்த மகனாகப் பிறந்த அவருக்குக் கடலிடம் பயம் இருந்ததில்லை. கடல் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கரை கண்ணுக்கு மறைவதற்குள் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். சில காலம் பொறுத்துப் பார்த்த ஆண்டனி, "நீ மீனுக்குத் தீனி போட்டுக்கினே இருந்தா நான் எப்ப நைனா வலை போடறது?" என்று கேட்டுவிட்டு, லாரி ஓட்டும் மாமன் ஒருவரிடம் மகனைத் தாமே கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த நாளிலிருந்து வேதநாயகத்துக்குக் குமட்டியதில்லை.

லாரி, தண்ணீர் வண்டி, பள்ளிக்கூட வேன் என்று ஓட்டி, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு தரமணிக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸில் வந்து அமர்ந்தார். பகல் வண்டிகளுக்கெல்லாம் டிரைவர்கள் இருந்ததால் அவருக்குக் கிடைத்தது இரவு வண்டி. மாலையில் ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, இடையில் இரண்டொரு நடை அடித்து, விடியற்காலையில் அவர்களை ஒவ்வொருவராக வீட்டருகே இறக்கிவிட வேண்டும். ஆகவே அவருடைய தூக்கம் பகலுக்கு மாறியது. மழைக்காலத்திலும் மார்கழியிலும் அதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. கோடை வந்தபோதுதான் தாம் குடியிருப்பது எப்படிப்பட்ட வீடு என்பது அவருக்குத் தெரிந்தது.

கோட்டூர்புரத்துக் குடியிருப்பில் மேல்மாடி வீடு அது. ஒரு கூடம், ஒரு சமையலறை. தலைக்கு மேலே மொட்டைமாடி, அதற்கு மேலே சூரியன். முற்பகலிலேயே தளம் சூடேறிவிடும். மின்விசிறி அந்த அனலைக் கீழே இறக்கித் தரும். ஏ.சி. வைக்கலாமென்றால் கட்டடத்தின் வயர் தாங்காது. கீழ்வீட்டார் ஒருவர் வைத்துப் பார்த்ததில் மீட்டர் பலகையே கருகிப் போயிருந்தது. பிள்ளைகள் கல்யாணமாகித் தனித்தனியே போய்விட்டபடியால் வீட்டில் அவரும் மனைவி கெங்கம்மாவும் மட்டும்தான். காலையில் அவர் வந்து சாப்பிட உட்காரும் நேரத்தில் கெங்கம்மா கூடையோடு கிளம்புவார். நொச்சிக்குப்பத்தில் மீன் எடுத்து, சாலையோரம் வைத்து விற்றுவிட்டு, உச்சி சாய்ந்த பிறகு திரும்புவார். அதுவரை வேதநாயகம் பாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டிருப்பார். பாய் நனையும், கண் மூடாது.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், ஒரு விடியற்காலை, மத்திய கைலாஷ் திருப்பத்தில் பஸ்ஸின் முன்சக்கரம் நடைபாதைக் கல்லை உரசியது. அந்தச் சத்தத்தில்தான் அவர் கண் விழித்தார். பின்னால் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னிருக்கையில் இருந்த மாளவிகா என்ற பெண் மட்டும் விழித்திருந்தாள். மயிலாப்பூர் லஸ்ஸில் கடைசியாக இறங்குபவள் அவள்.

"அண்ணா, ஓரமா நிறுத்துங்க. ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்" என்றாள்.

டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். லஸ்ஸில் இறங்கும்போது படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "நான் யார்கிட்டயும் சொல்லலைண்ணா. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, சொல்லித்தான் ஆகணும். தப்பா நினைக்காதீங்க."

"தப்பு இன்னாம்மா கீது. நீ சொல்றதுதான் நாயம்" என்றார் வேதநாயகம்.

அன்று முதல் அந்தப் பெண் பஸ்ஸில் தூங்குவதில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரியும்போதெல்லாம், அவள் தம் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. பதினெட்டுப் பேரைச் சுமந்துகொண்டு தூங்கிவிட்டோம் என்ற எண்ணம், வெயிலோடு சேர்ந்து அவருடைய பகல் தூக்கத்தில் மிச்சமிருந்ததையும் கெடுத்தது.

முதலில் அவர் வீட்டுக்கு வெளியே இடம் தேடினார். பக்கத்திலிருந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குளிர்ச்சி உண்டென்று கேள்விப்பட்டு, வெளுத்த சட்டை அணிந்து போனார். மீன் படங்கள் போட்ட பெரிய புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டார். அதிலிருந்த மீன்களில் பாதிக்குமேல் அவருக்குத் தெரிந்தவை; வஞ்சிரம் வருவதற்குள் குறட்டை வந்துவிட்டது. காவலர் வந்து தோளைத் தொட்டு, படிப்பவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று பணிவாகவே சொன்னார். வேதநாயகம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். பிறகு அங்கே போகவில்லை.

விஷயம் தெரிந்ததும் கெங்கம்மா களத்தில் இறங்கினார். அவருக்குத் தெரிந்த குளிர்ச்சி ஐஸ்தான். மீனுக்குப் போட்டு மிஞ்சிய ஐஸைத் தெர்மாகோல் பெட்டியில் காப்பாற்றிக் கொண்டுவந்து, மறுநாள் காலையில் அன்னக்கூடையில் கொட்டி மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஐஸ் உருகி, கூடம் முழுவதும் ஈரம் பரவி, வேர்வை காய வழியில்லாமல் உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. மதியம் திரும்பிய கெங்கம்மா, கணவர் வாசற்படியில் தலையில் துண்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"இன்னாயா, ஐஸு வேலை செய்யலையா?"

"செய்யாம இன்னா? நானே மீன் மாதிரி ஆய்ட்டேன். எட்த்துக்கினு போய் வித்துடு."

அடுத்து, கெங்கம்மா பழைய தெர்மாகோல் மீன் பெட்டிகளின் மூடிகளைச் சேகரித்து, தளத்துக்கு அடியில் கயிறு கட்டி வரிசையாகச் செருகினார். அதில் அனல் கொஞ்சம் தணிந்தது உண்மைதான். ஆனால் சூடேறிய மூடிகளிலிருந்து, அவற்றில் என்றோ இருந்த சங்கராவும் நெத்திலியும் மணக்கத் தொடங்கின. குடியிருப்பிலுள்ள பூனைகளெல்லாம் படியேறி வந்துவிட்டன. பக்கத்து வீட்டில் ரவிக்கை தைக்கும் ஷம்ஷாத் கத்தரிக்கோலோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, உங்க வூட்டு வாசல்ல மாநாடு எதுனா நடக்குதா? ஒண்ணு வந்து என் மிஷின் மேலயே குந்திக்கினு கீது."

"அதுங்களையாவது தூங்க வுடு தாயி" என்றார் வேதநாயகம்.

மூடிகளைக் கழற்றி, எலுமிச்சைத் தோலும் சோப்பும் போட்டுத் தேய்த்து, மொட்டைமாடியில் காயவைக்கும்போதுதான் கெங்கம்மாவுக்கு யோசனை ஓடியது. வெயிலில் நாள் முழுக்க இருந்தும் பெட்டிக்குள் ஐஸ் நிற்கிறதே, எதனால்? மூடி இருப்பதனால். வாங்க வருபவர்களுக்காக அடிக்கடி திறந்த நாளில் ஐஸ் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அவரும் ஷம்ஷாத்தும் சேர்ந்து தங்கள் இரு வீட்டுக்கும் மேலே மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடித்தார்கள். தளம் வெள்ளை வெளேரென்று ஆனது. மூடிகள் மேற்கு ஜன்னலுக்கு அளவாக வெட்டப்பட்டன. மீதியிருந்தது ஒன்றுதான்.

"காலையில நீ வந்ததும் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திடணும். கச்சான் உள்ள வரக்கூடாது. மதியம் கடல்காத்து எழுந்ததும் தொறந்துக்கலாம்" என்றார் கெங்கம்மா. கச்சான் என்பது மேற்கேயிருந்து நிலத்தின் அனலைச் சுமந்து வரும் காற்று. குப்பத்தில் பிறந்த இருவருக்குமே அதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஜன்னலைச் சாத்திக்கோ. கதவைச் சாத்தாதே."

"வாசக் கதவுதான்யா மேக்கால பாத்துக்கினு கீது. அத்தைத் தொறந்து போட்டா மீதியெல்லாம் சாத்தி இன்னா பிரயோஜனம்?"

"பகல்ல கதவு சாத்தின வூட்ல என்னால தூங்க முடியாது கெங்கா. வுட்டுடு."

கெங்கம்மா விட்டுவிட்டார். காரணம் அவருக்குத் தெரியும். வேதநாயகத்தின் தாயார் சவேரியம்மாள், கணவர் கடலில் இருக்கும் பகலில் வாசற்கதவைச் சாத்தியதில்லை. ஒருமுறை புழுதிக் காற்று சுழற்றி அடித்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் இரக்கப்பட்டு வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். அன்று போன ஆண்டனி அன்று திரும்பவில்லை, மறுநாளும் திரும்பவில்லை. என்ஜின் நின்றுபோய்க் கோவளத்துக்கும் அப்பால் ஒதுங்கியிருந்த படகையும் அவரையும் வேறு படகுக்காரர்கள் மூன்றாம் நாள் இழுத்து வந்தார்கள். அந்த இரு பகலும் சவேரியம்மாள் மகனைக் கதவில் முதுகு சாய்த்து உட்காரவைத்திருந்தார், காற்றில் அது மறுபடியும் சாத்திக்கொள்ளக் கூடாதென்று. அந்த மரத்தின் அழுத்தம் தம் முதுகில் இன்னும் இருப்பதாக வேதநாயகம் கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஆக, ஜன்னல்கள் சாத்தியிருந்தன, கதவு திறந்திருந்தது. கச்சான் கதவு வழியாக வந்து போனது. அவர் புரண்டுகொண்டேயிருந்தார்.

கத்திரியின் நடுவில், ஒரு நாள் மாலை, பணிமனையில் பஸ்ஸில் ஏறி அமர்ந்து சாவியைத் திருகப் போனவருக்கு எதிரே நின்ற வண்டி இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார், அப்போதும் இரண்டுதான். சற்று நேரம் ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு இறங்கிப்போய் சூப்பர்வைசரிடம் சாவியைக் கொடுத்தார்.

"இன்னிக்கு வேற ஆளை வெச்சி அனுப்பு சார். என்னால ஆவாது."

"உடம்புக்கு என்ன?"

"தூக்கம் இல்ல. பொய் சொல்ல இஷ்டமில்ல சார்."

சூப்பர்வைசர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகவும், வாரக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் இருக்கையே வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். மாளவிகா போன் செய்தாள். தான் எதுவும் சொல்லவில்லை என்று அவள் முந்திக்கொண்டு சொன்னபோது, "நான்தாம்மா சொன்னேன்" என்றார் வேதநாயகம். "தேங்க்ஸ்ணா" என்றுவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

இரவில் விழித்தே பழகிய கண் அன்றிரவு வீட்டிலும் மூடவில்லை. மறுநாள் காலை கெங்கம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றார். வேதநாயகம் பாயில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், ஒண்ணு சொல்றேன் கேளு. உங்கம்மா யாருக்காகத் தொறந்து வெச்சாங்க?"

"எங்க அப்பாருக்கு."

"அவரு கடலுக்குப் போனாரு. நீ இங்க படுத்துக்கினு கீறே. இந்த வூட்ல வெளியே போயிட்டுத் திரும்பி வர்றது இப்ப யாரு?"

வேதநாயகத்தின் பார்வை கதவிலிருந்து கூடைக்குத் திரும்பியது.

"நான்தானே? எனக்குக் கதவைத் தொறந்து வெச்சிக்கினு யாரும் காத்துக்கினு இருக்க வேணாம். எங்கிட்ட சாவி கீது." இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினார். "நானும் கடல்காத்தும் ஒண்ணாத்தான் வருவோம். வந்து நானே தொறந்துக்கறேன்."

வேதநாயகம் வெகுநேரம் யோசித்தார் என்று பிற்பாடு ஷம்ஷாத் சொல்வது மிகை. கெங்கம்மா கூடையை இறக்கி வைக்கக்கூட இல்லை. வேதநாயகம் தலையசைத்துவிட்டுப் படுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சாத்து" என்றார்.

கதவு மூடியது, பூட்டு திரும்பியது. கூடம் இருண்டது. முதுகு ஒருமுறை இறுகியது. பிறகு அதுவே தளர்ந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மேலே சுண்ணாம்புத் தளத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்ததும், பூனை ஒன்று வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போனதும் ஷம்ஷாத் சொல்லித் தெரிந்தவை.

பூட்டில் சாவி நுழையும் சத்தத்தில் பாதி விழித்தார். கிழக்கு ஜன்னல் திறந்தது. ஆற்றின் மேலாக வந்த கடல்காற்று, கெங்கம்மாவின் புடவையிலிருந்த மீன் வாசனையையும் சேர்த்துக்கொண்டு அவர்மேல் வீசியது.

"வந்துட்டியா?" என்றார் கண் திறக்காமல்.

"வந்துட்டேன். தூங்கு."

மாலை வரைக்கும் தூங்கினார்.

வாரக் கடைசிக்குள் அவர் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். கத்திரி முடிய இன்னும் நாள் இருந்தது. அந்த நாட்களில் கோட்டூர்புரத்து வீட்டின் கதவு காலையில் மூடி, கடல்காற்றோடு திறந்தது. மாளவிகா சில நாள் முன்னிருக்கையில் விழித்தபடியே வந்தாள். பிறகு ஒரு விடியற்காலை, அடையாறு தாண்டியபோது அவர் தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தார். அவள் ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

முன்னால் வேகத்தடை இருந்தது. வேதநாயகம் கியரைக் குறைத்து, சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் ஏறி இறங்கியது தெரியாதபடி வண்டியைக் கடத்திவிட்டார். லஸ் வந்த பிறகும் சற்று நேரம் கழித்துத்தான் அவளை எழுப்பினார்.